இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதா, வேறு மாட்டுவதா?

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் போய்விட்டது. நீண்ட வளைவு ஒன்றில் ஆயில் விளக்கு ஒருமுறை மின்னியது. அப்புறம் அடியிலிருந்து டக் டக் என்று சத்தம். ஆயிலை வடித்தால் ஜரிகைத் தூள் கலந்ததுபோல் மினுமினுப்பு. கான்ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) பேரிங் தேய்ந்து, கிராங்க்கில், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில், நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். இன்ஜினின் உடலான பிளாக் நன்றாகவே இருக்கிறது.

கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து (கீறல் போகத் தேய்த்து), மெலிந்த கிராங்க்குக்குப் பொருந்தும் 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போடலாம் என்கிறார் மெக்கானிக். நண்பரோ, வேறு வண்டியில் ஓடிய பழைய இன்ஜின் ஒன்றை மாட்டு, சீக்கிரம் முடியும் என்கிறார். அந்த இன்ஜினுக்குள் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? வண்டியோடு வந்த இன்ஜினை விடவும் மனசில்லை.

கிரைண்டிங் செய்து ஓட்டுபவர்கள் சொல்லுங்கள், எவ்வளவு காலம் தாங்கியது? உலோகத் தூள் தங்கியிருக்கக்கூடிய ஆயில் கூலரைக் கழுவினால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா? ஓடிய இன்ஜின் என்றால், கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?