அல்காரிதம் தந்த வடிவத்தில் நாம் கை வைக்கலாமா?

கேள்வி:
மோட்டாரைத் தாங்கும் அலுமினிய பிராக்கெட் ஒன்றை என்எஸ்ஜிஏ-2 (டிசைன்களைக் கலந்து, மாற்றி, நல்லதைத் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் பரிணாம அல்காரிதம்) வைத்து டிசைன் செய்கிறேன். எடையும் குறைய வேண்டும், வளைவும் குறைய வேண்டும், இலக்கு இந்த இரண்டுதான். 200 தலைமுறை ஓட்டியதில் நாற்பது டிசைன் வந்து நிற்கிறது, ஆனால் எடை குறைந்ததில் எல்லாம் சுவர் ஒரு மில்லிமீட்டர்தான், கட்டர் பட்டதுமே அதிரும் என்கிறார் மெஷின் ஷாப் அண்ணன். நானே தடிமனை ஏற்றிவிட்டால் அல்காரிதம் தேடிக் கண்டுபிடித்ததைக் கெடுத்த மாதிரி ஆகிவிடாதா?

பதில் 1:
கெடுத்த மாதிரிதான் ஆகும், ஏனென்றால் கடைசியில் போய்த் தொடுகிறீர்கள். சுவரை மட்டும் தடிமனாக்கினால் மற்ற அளவெல்லாம் பழைய மெல்லிய சுவருக்குப் பொருந்தியபடியே நிற்கும். அண்ணன் சொன்னதை நிபந்தனையாக எழுதி முதலிலிருந்து ஓட்டுங்கள்.

நாம் எழுதாத எதுவும் அதற்குத் தெரியாது. 1990களில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் தாம்சன், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் பிரித்தறியும் மின்சுற்று ஒன்றை எஃப்பிஜிஏ சிப்பிலேயே (உள்ளிணைப்பை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) இப்படிப் பரிணாம முறையில் வளர்த்தெடுத்தார். வேலை செய்தது. ஆனால் வெளியீட்டோடு இணைப்பே இல்லாத சில செல்களை (சிப்பின் சிறு கட்டங்களை) முடக்கினாலும் சுற்று தடுமாறியது, அந்தச் சிப்பின் தனிக்குணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது! வேறு சிப்பிலும் ஓட வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே.

பதில் 2:
இதற்கு நல்ல உதாரணம் நாசாவின் எஸ்டி-5 செயற்கைக்கோள்களுக்காகப் பரிணாம அல்காரிதம் வடிவமைத்த ஆண்டெனா. 2006 மார்ச்சில் விண்ணுக்குப் போனது, கோணல்மாணலாக வளைத்த கம்பி. நடுவில் சுற்றுப்பாதை மாறியதால் முதலில் வந்த வடிவம் பொருந்தவில்லை, அப்போது யாரும் அந்தக் கம்பியைக் கையால் நிமிர்த்திக்கொண்டு உட்காரவில்லை, தேவையைத் திருத்தி எழுதி மறுபடி பரிணமிக்க விட்டார்கள்.

பதில் 3:
எல்லாவற்றையும் நிபந்தனையாக எழுதிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பேனர் நுழையுமா, பர்ர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிர்) எடுக்கக் கை எட்டுமா என்பதெல்லாம் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஓட்டத்தின் நடுவிலேயே நிறுத்தி, நாற்பதையும் காட்டாமல் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்ட ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரையே மதிப்பெண் போட வைத்தால் பத்து இருபது சுற்றுக்குள் கண் சலித்துவிடும், அப்புறம் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. குறைந்தபட்சச் சுவர் 3 மில்லிமீட்டர் என்று அண்ணன் சொன்னார், அதை வைத்து இன்று இரவே ஓட்டுகிறேன். ஐம்பதாவது தலைமுறையில் நிறுத்தி ஐந்து வடிவங்களை அச்செடுத்து அவரிடம் காட்டுகிறேன்.