காமா(5) கேட்டால் 24-க்குப் பதில் 3.178 வருகிறது, உதவி தேவை

மழைக்கணக்கு, கியூர்பிப்:
எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸில் எங்கள் ஊர் மாத மழையளவுக்குக் காமா பரவலை (வடிவம், அளவீடு என்ற இரண்டு அளவுருக்களால் அமையும் நிகழ்தகவுப் பரவல்) பொருத்த ஒரு சி நிரல் எழுதுகிறேன், லினக்ஸ், ஜிசிசி கம்பைலர். விடைகள் ஒன்றும் ஒத்துவராததால் மேத் நூலகத்தின் காமா செயற்கூறை மட்டும் தனியாகச் சோதித்தேன். 5 கொடுத்தால் 4!, அதாவது 24 வர வேண்டும், வருவது 3.178054. 1 கொடுத்தாலும் 0, 2 கொடுத்தாலும் 0. கம்பைல் செய்யும்போது ஒரு எச்சரிக்கை கூட இல்லை. நூலகத்திலேயே கோளாறா?

பழைய யூனிக்ஸ், ரோஸ் ஹில்:
கோளாறு இல்லை தம்பி, 24-இன் இயல் மடக்கைதான் 3.178. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் காமா என்று கூப்பிட்டால் காமாவின் மடக்கை வரும், எல்காமா என்ற செயற்கூறு தருவதும் அதேதான். 4.2 பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் பதிப்பின் காலத்துப் பழக்கம் இது. 4.3-இல் அதற்கு எல்காமா என்று பெயர் மாற்றி, காமா என்ற பெயரைப் பின்னால் உண்மையான காமாவுக்கே கொடுப்போம் என்று கையேட்டில் எழுதினார்கள், 4.4-இல் கொடுத்தும் விட்டார்கள், ஆனால் ஜிலிப்சி பழைய பொருளிலேயே நின்றுவிட்டது. ஒரே நிரல் இரண்டு கணினியில் இரண்டு விடை தரும், அதுவும் சத்தமே இல்லாமல் என்பதால் இதை நான் ஆபத்தானது என்றே சொல்வேன். 1999 சி தரத்தில் வந்த டிகாமாவைப் போடுங்கள், 24 கிடைக்கும். காமா என்ற பெயரை நிரலில் ஓரிடத்திலும் விட்டுவைக்காதீர்கள்.

மழைக்கணக்கு, கியூர்பிப்:
நன்றி அண்ணே, 24 வந்துவிட்டது. இப்போது வேறொரு தொல்லை. சில மாதங்களுக்கு டிகாமா இன்ஃபினிட்டி என்கிறது. அடர்த்தி வாய்ப்பாட்டில் மேலேயும் இன்ஃபினிட்டி, கீழேயும் இன்ஃபினிட்டி, வகுத்தால் நேன், அதாவது எண்ணே இல்லை என்ற விடை. டபுளை விட்டு அதைவிடப் பெரிய எண்வகையான லாங் டபுளுக்கு மாறினால் சரியாகுமா?

பழைய யூனிக்ஸ், ரோஸ் ஹில்:
தள்ளிப்போடலாம், தீராது. டபுளில் அடங்கும் பெரிய எண் சுமார் 1.8 × 10^308. டிகாமா(171) என்பது 170!, ஏறக்குறைய 7.26 × 10^306, அது அடங்கும். டிகாமா(172) அடங்காது. இன்டெல் வகைக் கணினியில் லாங் டபுள் சுமார் 1755 வரை தாங்கும், அதற்கப்புறம் அதே கதைதான்.

நீங்கள் முதலில் வேண்டாமென்று தூக்கிப்போட்ட எல்காமாதான் இங்கே கைகொடுக்கும். அடர்த்தியைப் பெருக்கி வகுத்துக் கண்டுபிடித்துவிட்டு மடக்கை எடுக்காமல், தொடக்கத்திலிருந்தே மடக்கையில் கணக்கிடுங்கள். மழையின் மடக்கையை (வடிவ அளவுரு − 1) ஆல் பெருக்கி, அதிலிருந்து மழை ÷ அளவீட்டு அளவுரு, வடிவ அளவுரு × அளவீட்டு அளவுருவின் மடக்கை, எல்காமா(வடிவ அளவுரு) ஆகிய மூன்றையும் கழித்துவிட்டால் போதும். எல்காமா(172) வெறும் 711.71, பயப்பட ஒன்றுமில்லை. எல்காமா, காமாவின் கூட்டல்/கழித்தல் குறியை ஒரு பொது மாறியில் எழுதும், ஆகவே பல திரெட்டில் (ஒரே நேரத்தில் பல இழைகளாக) ஓட்டினால் எல்காமா_ஆர் பயன்படுத்துங்கள். உங்கள் அளவுரு எப்போதும் நேர்மம் என்பதால் குறியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

புள்ளியியல் அக்கா, போர்ட் லூயி:
அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள், ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். மாத மழைக்கு வடிவ அளவுரு எப்படி 172-ஐத் தாண்டுகிறது? அது 170 என்றால் திட்ட விலக்கம் சராசரியில் பதின்மூன்றில் ஒரு பங்குதான் என்று பொருள். ஒரு வருடம் புயல் வந்து கொட்டும், மறுவருடம் அதே பிப்ரவரி சாதாரணமாகப் போகும், நம் தீவில் மழை அவ்வளவு ஒழுங்காகவா பெய்கிறது? தொடக்க மதிப்பு எப்படி எடுக்கிறீர்கள்?

மழைக்கணக்கு, கியூர்பிப்:
சராசரியின் வர்க்கத்தை வேரியன்ஸால், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்து, அக்கா. வேரியன்ஸ் பத்தி எனக்குக் கொடுத்த கோப்பிலேயே இருக்கிறது.

புள்ளியியல் அக்கா, போர்ட் லூயி:
அந்தப் பத்தியை மூல எண்களிலிருந்து நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். அதில் திட்ட விலக்கம் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சராசரி 300 மி.மீ., திட்ட விலக்கம் 150 என்று வைத்துக்கொள்வோம். 90,000-ஐ 22,500-ஆல் வகுத்தால் 4. வெறும் 150-ஆல் வகுத்தால் 600. இன்னொன்று, கியூர்பிப் மேட்டுநிலத்தில் மழைக்குப் பஞ்சமில்லை, ஆனால் இதே நிரலை எங்கள் பக்கத்துக்கு வாரக் கணக்கில் ஓட்டினால் பூஜ்யம் வரும், பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. மழையே இல்லாத வாரங்களைத் தனி நிகழ்தகவாக எடுத்துவிட்டு மீதிக்கு மட்டும் பரவலைப் பொருத்துங்கள்.

மழைக்கணக்கு, கியூர்பிப்:
நீங்கள் சொன்னதேதான் அக்கா, பத்தியின் தலைப்பு ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. இப்போது எந்த மாதத்துக்கும் அளவுரு பத்தைக்கூடத் தாண்டவில்லை, எல்காமாவையும் போட்டுவிட்டேன். கடைசியாக ஒன்று: 50 மி.மீ.-க்குக் குறைவாகப் பெய்யும் வாய்ப்பு எவ்வளவு என்று எடுக்க எதைக் கூப்பிடுவது?

பழைய யூனிக்ஸ், ரோஸ் ஹில்:
அதற்கு முழுமையற்ற காமா சார்பு வேண்டும், சி தர நூலகத்தில் இல்லை. ஜிஎஸ்எல் என்ற கணித நூலகத்தில் இருக்கிறது, சி++ என்றால் பூஸ்ட் நூலகத்தில் இருக்கிறது. சொந்தமாக எழுதுவதென்றால் மழை ÷ அளவீட்டு அளவுரு என்பது (வடிவ அளவுரு + 1)-ஐ விடச் சிறிதாக இருக்கும்போது தொடரையும் மற்ற இடத்தில் தொடர் பின்னத்தையும் பயன்படுத்துங்கள், ஒன்றையே எல்லா இடத்துக்கும் வைத்தால் இழுத்துக்கொண்டே போகும். எதை எடுத்தாலும் முதலில் வடிவ அளவுரு 1, வகுத்து வரும் ஈவும் 1 என்று கொடுத்துப் பாருங்கள். 0.632121 வர வேண்டும்.