போத்தனூரில் குழி எடுத்தபோது கிடைத்த பழைய சீசாக்கள்: வயதை எப்படி அறிவது, மேலும் தோண்டலாமா?

கேள்வி: போத்தனூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். போத்தனூரில் பழைய ரயில்வே குடியிருப்பை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டுமனை ஒன்று இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்காக அங்கே குழி எடுத்தபோது, ஏறக்குறைய இடுப்பளவு ஆழத்தில் செம்மண் முடிந்து, சாம்பலும் எரிந்து உருகிய நிலக்கரிக் கட்டிகளும் கலந்த ஓர் அடுக்கு வந்தது. அதற்குள் உடைந்த பீங்கான் தட்டுகள், எலும்புத் துண்டுகள், துருவேறிய தகரம் ஆகியவற்றோடு கண்ணாடிச் சீசாக்களும் கிடந்தன. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, கிடைத்தவற்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

அவற்றுள் ஒன்று கோலி சோடா சீசா. இளம்பச்சை நிறம், கனத்த கண்ணாடி. உள்ளே மண் இறுகியிருந்தாலும் கோலி இன்னும் இருக்கிறது. உடலில் மேடாக வார்க்கப்பட்ட ஆங்கில எழுத்துகளில் ‘மெட்ராஸ்’ என்பது மட்டும் படிக்க முடிகிறது. இன்னொன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் ஆறு பக்க நீலச் சீசா. அதன் சில பக்கங்களில் வரிவரியாகக் கோடுகள் எழும்பியுள்ளன; ‘நாட் டு பி டேக்கன்’ என்று எழுதியிருக்கிறது. வாயில் தக்கை மக்கிப்போய் ஒட்டியிருக்க, அடியில் ஏதோ பழுப்பாகக் காய்ந்து கிடக்கிறது. மற்றவை நிறமற்ற மருந்துச் சீசாக்கள். சிலவற்றின் மேல் எண்ணெய் படிந்த நீரைப் போல வானவில் நிறம் தெரிகிறது. எனக்குப் புரியாதது ஒன்று: குழிக்கு வெளியே, தரையின் மேல் கிடந்த ஒரு கழுத்துத் துண்டு மட்டும் இளம் ஊதாவாக இருக்கிறது, அதே வடிவச் சீசா குழிக்குள் நிறமற்றுக் கிடைத்தது.

இவற்றின் காலத்தை எப்படிக் கணிப்பது? பக்கவாட்டில் மேலும் தோண்டலாமா? நம் பகுதியில் இதுபோன்ற இடங்கள் வேறு எங்கே இருக்கக்கூடும்? இவற்றை எப்படித் தூய்மை செய்வது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: சீசாப்பித்தன், திருப்பூர்

வணக்கம் ஐயா. ஊதாத் துண்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உங்கள் குழியின் காலத்தை ஓரளவு சொல்லிவிடுகிறது. மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சை நிறம் தரும். அதைப் போக்கி நிறமற்ற கண்ணாடி செய்ய, மாங்கனீசு சேர்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து முதல் உலகப்போர்க் காலம் வரை பரவலாக இருந்தது. அந்தக் கண்ணாடி பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தால் ஊதாவாக மாறும். மண்ணுக்குள் வெயில் படாமல் கிடந்தால் மாறாது. ஆகவே உங்களிடம் இருப்பவை ஒரே வகைச் சீசாவின் வெயில்பட்ட துண்டும் வெயில்படாத உருப்படியுமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் செயற்கையாக ஊதாவாக்கிய சீசாக்களும் சந்தையில் உலவுகின்றன, அடர்ந்த கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றைப் பார்த்தால் ஐயப்படுவது நல்லது.

அடுத்தது அச்சுக்கோடு. இரு பாதி அச்சுகள் சேரும் இடத்தில் சீசாவின் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு கழுத்தோடு நின்றுவிட்டால், வாய்ப்பகுதியைக் கைவினைஞர் தனியாக உருவாக்கியிருக்கிறார் என்று பொருள். உதட்டின் மேல்விளிம்பு வரை ஏறியிருந்தால், குறுகிய வாய்ச் சீசாவைப் பொறுத்தவரை அது இயந்திர வேலை. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் முழுத் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கிய 1903க்குப் பிந்தையதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, கோடு பாதியில் நின்றாலே பழையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கையால் வாய் அமைக்கும் முறை அதன் பிறகும் பல பட்டறைகளில் நெடுங்காலம் தொடர்ந்தது.

கோலி சோடாவுக்கு இந்த விதி அறவே பொருந்தாது. கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாயைச் சுருக்கி உதட்டை அமைக்க முடியும் என்பதால், அண்மைக்கால உருப்படியிலும் கோடு மேலே ஏறியிருக்காது. இங்கிலாந்தின் ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்பைத்தான் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் அண்மைக்காலம் வரை கட்டைவிரலால் அழுத்தித் திறந்து குடித்தோம். உள்ளிருக்கும் வாயு கோலியை உதட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தோடு மேல்நோக்கி அழுத்தி அடைக்கும். ஊற்றும்போது கழுத்தின் பள்ளம் கோலியைப் பிடித்துக்கொள்ளும். எனவே வடிவத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. எழுத்துகளும் அடிப்பாகத்தில் உள்ள தயாரிப்பாளர் குறியும்தான் சான்று. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் இருந்த டான் ரைலண்ட்ஸ் போன்ற பட்டறைகளின் பெயர் அடியிலோ, அடியை ஒட்டிய கீழ்விளிம்பிலோ தெரிந்தால் கண்டிப்பாகப் பழையது. கோலிக்காகச் சிறுவர்கள் உடைத்துவிடுவார்கள் என்பதால், பழைய உருப்படி கோலியோடு முழுமையாகக் கிடைப்பது அரிது, உங்களுடையதைப் பத்திரப்படுத்துங்கள்.

நீலச் சீசாவின் தக்கையைத் தயவுசெய்து திறக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். அது நஞ்சுச் சீசா. இருட்டில் தடவி எடுத்தாலும் இது குடிக்கும் மருந்தல்ல என்று விரலுக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த வரிகளும் கோணங்களும் அமைந்தன. அடியில் காய்ந்திருப்பது எதுவாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் ஆர்சனிக், பாதரச உப்பு, ஸ்டிரிக்னின் எல்லாம் மருந்துக்கடையில் புழங்கியவை. ஆண்டுகள் பல கழிந்ததால் ஆர்சனிக் வீரியம் இழந்துவிடாது.

மறுமொழி 2: ஆனைமலைச் சரிவு

தம்பி, வேறு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நம் கிராமங்களிலும் ஊர்ப்புறத்தில் குப்பைமேடு இருக்கும், தோண்டினால் சீசா வரும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். கொங்கு நாட்டுத் தோட்டத்தில் குப்பைக்குழி என்பது சாணமும் சாம்பலும் மாட்டுத்தீவன மிச்சமும் சேரும் எருக்குழி; சித்திரை, வைகாசியில் அதை வண்டியில் அள்ளி உழுகிற காட்டுக்குக் கொண்டுபோய் இறைத்துவிடுவார்கள். அடுக்கடுக்காகப் படிவதற்கு அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. சீசாவோ விளக்கெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் தேனுக்கும் வீட்டிலேயே திரும்பத் திரும்பப் பயன்படும். கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் பேரீச்சம்பழத்துக்குப் போய்விடும். யாரும் அதைத் தூக்கி எறியவில்லை.

எறிந்தவர்கள் வேறு வகையினர். சீசாவில் அடைத்த பொருளை வெளியூரிலிருந்து வரவழைத்துக் குடித்து, காலிச் சீசாவைத் திருப்பித் தர வழியோ தேவையோ இல்லாமல் ஓரிடத்தில் கொட்டியவர்கள் என்றால் ரயில்வே குடியிருப்புகள், பயணியர் பங்களாக்கள், ஆலை அதிகாரிகளின் வீடுகள், மலைத்தோட்டங்கள் ஆகியவைதான். போத்தனூர் வழியே 1860களின் தொடக்கத்தில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1873இல் அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போயிற்று. நீலகிரிக்குச் செல்லும் சரக்கும் ஆளும் அந்தச் சந்திப்பின் வழியே போக வேண்டியிருந்தது. உங்கள் மனையில் கிடைத்த நிலக்கரிக் கட்டிகள் எஞ்சின் சாம்பலோடு குடியிருப்புக் குப்பையும் கலந்து கொட்டப்பட்டதைக் காட்டுகின்றன.

எங்கள் பக்கம் ஆனைமலையில் 1890களில் காடு திருத்தித் தோட்டங்கள் உருவாயின. பழைய பங்களாவின் முகப்பில் தேடிப் பயனில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் இறங்கும் சரிவில்தான் காலிச் சீசாக்களை உருட்டிவிட்டிருப்பார்கள். மழை அவற்றை இன்னும் கீழே, ஓடைத் திருப்பம் வரை கொண்டுபோயிருக்கும். பெரும்பாலும் ஹார்லிக்ஸ், பீர், மருந்து, மை ஆகியவற்றின் சீசாக்கள். ஆனால் எஸ்டேட் மேலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். சரிவின் கீழ்ப்பகுதி பல இடங்களில் புலிகள் காப்பகத்து வனம். அங்கே மண்ணைக் கிளறுவது குற்றம், யானை வரும் தடமும் அதுவே.

நம் ஊர்களில் நிலத்தடி நீர் இறங்கி ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு, பாழுங்கிணறுகள் பல குப்பையால் நிரம்பின. அவற்றில் சீசா இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் எந்தக் காரணத்துக்காகவும் அவற்றுள் இறங்க வேண்டாம். விஷவாயுவும் சரியும் சுவரும் உயிரை வாங்கிவிடும்.

மறுமொழி 3: சென்னிமலை வாசகர்

மேலே உள்ளவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் வலியுறுத்த விரும்புகிறேன். உங்கள் சொந்த மனையில், கட்டுமானத்துக்காக எடுத்த குழியில் கிடைத்த சோடா சீசாவைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. மனையின் எல்லையைத் தாண்டி ரயில்வே நிலத்துக்குள் பக்கவாட்டில் தோண்டினால், அது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி அத்துமீறல். காசுப் பானை போன்ற புதையல் தென்பட்டால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. இணையத்தில் வெளிநாட்டவர் நல்ல விலை சொன்னாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது நொய்யல் கரை. எங்கள் ஊருக்கு அருகில் உள்ள பண்டைய ஊரான கொடுமணலில் அகழாய்வாளர்கள் கண்டெடுத்தவற்றில் பெரும்பகுதி, அந்நாளைய மக்கள் கழித்துப் போட்டவையே. அரைகுறையாகத் துளையிட்ட மணிகள், கல் சீவல்கள், இரும்புக் கசடு, பெயர் கீறிய பானை ஓடுகள் ஆகியவை எந்த அடுக்கில் எதனோடு கிடந்தன என்பதை வைத்துத்தான் அங்கே மணித்தொழில் நடந்த விதமே தெரியவந்தது. சீசா தேடிக் கரையோர மேட்டைக் கடப்பாரையால் புரட்டினால் அந்த அடுக்கு ஒரே நாளில் கலைந்துவிடும். உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் உள்ள பண்டைய பானை ஓடு ஒன்று தென்பட்டாலும் கையை எடுத்துவிட்டு, கோவை அல்லது ஈரோடு அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

போத்தனூர்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. மனை எல்லைக்குள் தொட்டிக்குத் தேவையான அளவு மட்டும் குழியை அகலப்படுத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். எஞ்சிய சீசாக்களை உடையாமல் எடுப்பதையும் தூய்மை செய்வதையும் பற்றி யாரேனும் சொல்ல முடியுமா? வானவில் பூச்சைத் தேய்த்து நீக்கிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார்.

மறுமொழி 4: ஈரோட்டுப் பழம்பொருள்

கொத்தனார் சொல்வதைக் கேட்காதீர்கள் அண்ணா. அது மேலே படிந்த பூச்சு அல்ல, கண்ணாடியே சிதைந்த நிலை. ஈரமண்ணில் கண்ணாடியின் காரப்பொருள்கள் கரைந்து வெளியேறிவிட, சிலிக்கா மட்டும் தாள் தாளாக எஞ்சுகிறது. ஒளி அந்தத் தாள்களில் பட்டுத் திரும்பும்போது வண்ணம் தெரிகிறது. தேய்த்தால் செதில் செதிலாக உதிரும், அடியில் மங்கலான சொரசொரப்புதான் மிஞ்சும். சேகரிப்பவர்கள் பலர் அந்த வண்ணத்துக்காகவே வாங்குகிறார்கள்.

எடுக்கும்போது சாம்பல் அடுக்கு தொடங்கியவுடன் கடப்பாரையையும் மண்வெட்டியையும் வைத்துவிட்டு, களைக்கொத்தும் கரணையும் கொண்டு மேலிருந்து கீழாக இறங்குங்கள். சுவரின் அடியைக் குடைந்து சீசாவை உருவக் கூடாது. சாம்பல் மண் சொல்லாமல் சரியும். படிகளாக வெட்டி, தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள். தோல் கையுறையும் கனத்த காலணியும் கட்டாயம். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே அளவுகோலோடு படம் எடுத்து ஆழத்தைக் குறித்து வைத்தால், சென்னிமலை ஐயா சொன்ன அடுக்கு காகிதத்திலாவது எஞ்சும்.

எடுத்த சீசாவை உச்சிவெயிலில் வைக்காதீர்கள். குளிர்ந்த மண்ணிலிருந்து வந்த கனத்த கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். நிழலில் வைத்து, பிறகு சாதாரண நீரில் ஊறப்போடுங்கள். உள்ளே இறுகிய மண்ணுக்குக் கம்பி வேண்டாம். ஒரு பிடி அரிசியும் நீரும் விட்டு மெல்லச் சுழற்றினால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறு போதும். சிதைவு தொடங்கிய சீசாக்களுக்கு அரிசியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம்; மென்தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கோலி சோடாவைக் குலுக்காதீர்கள். உள்ளே கோலி மோதினால் அந்தப் பழைய கழுத்து தாங்காது.

நீலச் சீசாவைக் கழுவவே வேண்டாம். நிமிர்ந்த நிலையிலேயே மூடியுள்ள டப்பாவில் வைத்து, நஞ்சு இருக்கலாம் என்று வெளியே எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கோவையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வேதியியல் துறை ஒன்றில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கொண்டுபோனால், உள்ளிருப்பதை எப்படி அகற்றுவது என்று வழி சொல்வார்கள்.