ஆரஞ்சு என்றால் எந்த ஆரஞ்சு? மொழிபெயர்ப்பில் உறுத்திய இடங்களைப் பகிருங்கள்

ஏட்டுச்சுவடி

பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸின் சமையல்: சப்ஜி போலோ என்ற கீரைச் சோறும் பொரித்த மீனும். செய்முறை தமிழில் வந்திருந்தது. கடைசி வரி: "மீன் மேல் ஆரஞ்சுச் சாறு பிழிந்து பரிமாறவும்." அந்த வரி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாரசீக மூலத்தில் இருந்த சொல் நாரெஞ். புளிப்பும் லேசான கசப்பும் உள்ள பழம் அது. நம் பழக்கடை ஆரஞ்சைப் பிழிந்தால் மீன் இனித்துப் போகும், கவிச்சி மட்டும் அப்படியே நிற்கும்.

பாரசீகத்தில் மூன்று சொற்கள் உண்டு. நாரெஞ் என்பது கசப்பு வகை. நாரங்கி என்பது கையாலேயே தோல் உரிக்கும் கமலா வகை. பொர்தெகால் என்பது சாறு பிழியும் இனிப்பு வகை. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது மூன்றும் "ஆரஞ்சு" என்ற ஒரே கூடையில் விழுந்துவிடுகின்றன.

நாரெஞ் கிடைக்காதவர்கள் எலுமிச்சைச் சாறு இரண்டு பங்கு, இனிப்பு ஆரஞ்சுச் சாறு ஒரு பங்கு கலந்துகொள்ளலாம். பழுத்த நாரத்தை கிடைத்தால் இன்னும் நெருக்கமாக வரும். தோலின் வெள்ளைப் பகுதி நசுங்காமல் பிழியுங்கள், இல்லையென்றால் கசப்பு தூக்கலாகிவிடும்.

தம்மாம்வாசி

பொர்தெகால் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரபியில் இனிப்பு ஆரஞ்சு புர்துகால், போர்ச்சுகல் நாடு அல்-புர்துகால். உச்சரிப்பில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. துருக்கியில் போர்தகால், கிரேக்கத்தில் போர்டோகாலி, பல்கேரியாவில் போர்டோகல், ருமேனியாவில் போர்டோகாலா, எத்தியோப்பியாவின் அம்ஹாரியில் பிர்துகான். நேப்பிள்ஸ் பேச்சுவழக்கில்கூட புர்துவாலோதான். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இனிப்பு ஆரஞ்சை மத்தியதரைக் கடல் முழுக்கப் பரப்பியதில் போர்ச்சுகீசிய வணிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கசப்பு ஆரஞ்சு அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அரபிகள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதனால்தான் இந்த மொழிகளில் பழைய பழத்துக்குப் பழைய பெயரும், புதிய பழத்துக்குக் கொண்டுவந்தவர் பெயரும் நிற்கின்றன. கிரேக்கத்தில் கசப்புக்கு நெராஞ்சி, துருக்கியில் துருஞ்ச்.

போர்ச்சுகலில் போய் ஆரஞ்சு கேட்டால்? லராஞ்சா. அவர்கள் பேச்சில் நாட்டுப் பெயரே கிடையாது!

இதே வழியில் ஸ்பானிஷ் நரான்ஹாவில் இருந்த "ந" ஆங்கிலத்தில் விழுந்ததும் சுவாரஸ்யம். "எ நாரஞ்சு" என்றது "அன் ஆரஞ்சு" என்று பிரிந்துபோனது என்பார்கள்.

சொல்வேட்டை

தம்மாம் அண்ணா, கடைசிப் பத்தியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லோரும் சொல்லும் கதைதான் அது, ஆனால் இடம் தப்பு. ஆங்கிலத்துக்கு வரும்போதே அந்தச் சொல்லில் "ந" இல்லை. இத்தாலியனில் "ஊனா நரான்சா" என்பதில் முன்சொல்லின் ஒலியோடு ஒட்டி "ந" கரைந்து அரான்சா ஆனது. பழைய பிரெஞ்சிலும் அப்படியே ஓரெஞ்சு. அங்கிருந்துதான் ஆங்கிலம் வாங்கியது. "ந"வை விடாமல் வைத்திருப்பவை ஸ்பானிஷ் நரான்ஹா, ஹங்கேரியன் நரான்ச், குரோவேஷியன் நரான்சா. போர்ச்சுகீசியம் அதை "ல" ஆக்கியது. காட்டலானின் தரோஞ்சாவை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. அது துருஞ்ச் பக்கத்துச் சொல், வேறு வேர்.

வேர் என்று போனால் சமஸ்கிருத நாரங்க, அதற்குப் பின்னால் திராவிடம். நம் நாரத்தை, மலையாள நாரங்ங எல்லாம் அந்தக் குடும்பம். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் "நரந்தம்" இருக்கிறது. அதற்காக "ஆரஞ்சு தமிழ்ச்சொல்" என்று நேராக எழுதிவிடாதீர்கள். தமிழிலிருந்தே போனது என்பதும் பொதுவாகத் திராவிட மொழி ஒன்றிலிருந்து போனது என்பதும் ஒன்றல்ல. நாரங்ங என்று மலையாளி இன்று கையில் எடுப்பது பெரும்பாலும் எலுமிச்சை. நாரங்கவெள்ளம் கேட்டால் எலுமிச்சைச் சாறுதான் வரும், ஆரஞ்சு வேண்டுமென்றால் மதுரநாரங்ங. வேர் ஒன்று என்பதால் பழமும் ஒன்று என்று நினைத்தால் பக்கத்து மாநிலத்திலேயே ஏமாறுவோம்.

கிள்ளான்காரன்

இங்கே கடை அலமாரியில் "ஜெருக்" என்று ஒட்டிய போத்தல் வரிசையாக இருக்கும். உள்ளே மாங்காய், நெல்லி, கொய்யா, எல்லாம் ஊறவைத்தது. மலேசியாவில் ஜெருக் என்றால் ஊறுகாய். கடல் தாண்டி இந்தோனேசியா போனால் அதே ஜெருக் என்பது எலுமிச்சை இனம் மொத்தத்துக்கும் பெயர். அங்கே உணவுக்கடை அட்டையில் "எஸ் ஜெருக்" என்று இருக்கும். ஐஸ் போட்ட ஆரஞ்சுச் சாறு அது. அதை ஒருவர் "குளிர்ந்த ஊறுகாய்" என்று தமிழில் பெயர்த்து வைத்திருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டும் ஒரே மொழி மாதிரிதானே என்று மலாய் அகராதியை வைத்துக்கொண்டு இந்தோனேசியன் பெயர்த்தால் இதுதான் நடக்கும்.

மலேசியாவில் அந்த இனத்துக்குப் பொதுப்பெயர் லீமாவ். லீமாவ் நிப்பிஸ் சின்ன எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி அதைவிடச் சின்னது, லீமாவ் பூருட் என்பது தாய்லாந்துப் புளிப்புச் சூப்பான தொம்யாமில் போடும் இலை மரம். ஆரஞ்சுச் சாறு வேண்டும் என்றால் "ஜூஸ் ஓரென்" என்று கேளுங்கள். வெறும் லீமாவ் என்றால் புளிப்புதான் வரும். இந்தோனேசியாவில் ஜெருக் மானிஸ் என்றால் இனிப்பு ஆரஞ்சு, ஜெருக் நிப்பிஸ் என்றால் எலுமிச்சை, ஜெருக் பாலி என்றால் பம்பளிமாஸ். அங்கே ஊறுகாய்க்கு ஆச்சார் என்று கேட்க வேண்டும்.

தாய்லாந்தில் இன்னொரு பொறி. சோம் என்றால் ஆரஞ்சு, புளிப்புக்கும் அதே சொல். சோம்தாமில் ஆரஞ்சு ஒரு துண்டுகூடக் கிடையாது, அது பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்வது.

பெட்டிச்சரக்கு

நாக்பூர் ஆரஞ்சு, ஜெர்மனிக்கான மாதிரிப் பெட்டி. லேபிளில் "அப்ஃபெல்ஸீனெ". வாங்குபவர் திருப்பி அனுப்பிய குறிப்பு ஒரே வரி: "இது மாண்டரீன்." அவர் சொன்னது முழுக்கச் சரி.

இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏற்றுமதியில் புதிதாக வருபவர்களுக்குத் தேவைப்படும். தமிழ்நாட்டில் நாம் ஆரஞ்சு என்று சொல்லும் நாக்பூர், குடகு, கமலா எல்லாமே தாவரவியலில் சிட்ரஸ் ரெட்டிகுலேட்டா, அதாவது மாண்டரீன். உலகம் ஆரஞ்சு என்று சாறு பிழியும் பழம் சிட்ரஸ் சினென்சிஸ். நம் ஊரில் அந்த இனத்தில் வருவது எது தெரியுமா? சாத்துக்குடி! நம்மவர்கள் சாத்துக்குடியை ஆங்கிலத்தில் "ஸ்வீட் லைம்" என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் வெளிநாட்டவர் எலுமிச்சை வகை ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார். தெலுங்கில் இந்தக் குழப்பம் குறைவு, பத்தாயி வேறு, கமலா வேறு.

எது எது என்று சந்தேகம் வந்தால் முதலில் பழத்தைக் கையில் எடுங்கள். காம்புப் பக்கம் கட்டைவிரலை நுழைத்தால் தோல் தளர்ந்து, கத்தி இல்லாமல் கழன்று, சுளை தானாகப் பிரிந்தால் மாண்டரீன். தோல் சதையோடு இறுக ஒட்டி, உரிக்கும்போது சாறு தெறித்தால் சினென்சிஸ். அதற்குப் பிறகு இனப்பெயரைத் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். சுங்கக் குறியீட்டில் ஆரஞ்சு 0805.10. மாண்டரீன் 0805.21, கிளெமென்டைன் 0805.22, இந்தப் பிரிவு 2017 திருத்தத்தில் வந்தது. இனப்பெயரும் குறியீடும் ஒத்துப்போன பிறகுதான் இலக்கு மொழிப் பெயரைத் தொட வேண்டும். பெயரை முதலில் பெயர்த்துவிட்டுக் குறியீட்டை அதற்கேற்ப வளைப்பவர்கள்தான் துறைமுகத்தில் மாட்டுகிறார்கள்.

அப்ஃபெல்ஸீனெ என்றால் சீன ஆப்பிள். டச்சில் சினாஸ்அப்பெல், ரஷ்யனில் அபெல்சின், ஸ்வீடிஷிலும் அபெல்சின், ஃபின்னிஷில் அப்பெல்சீனி. ஜெர்மனியின் வடக்கே அப்ஃபெல்ஸீனெ அதிகம், தெற்கே ஓரான்ஷெ. எதை எழுதினாலும் வாங்குபவருக்குப் புரியும். பொமெரான்ட்செ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஜெர்மனில் அது கசப்பு வகை. அதே சொல்லின் உடன்பிறப்பான போலிஷ் பொமராஞ்சாவும் செக் பொமெராஞ்சும் இனிப்பு வகையைக் குறிக்கின்றன. எல்லையைத் தாண்டியதும் கசப்பு இனிப்பாகிவிடும். சீனாவுக்கு அனுப்பினால் இறுக்கத் தோல் செங், தளர்தோல் ஜூ. ஜப்பானில் மிக்கான் தளர்தோல், ஓரென்ஜி இறுக்கத் தோல், தைதை கசப்பு.

வடமராட்சி

பெட்டிச்சரக்கு அண்ணை, தமிழ் எண்டால் தமிழ்நாடு மட்டும் இல்லை. எங்களுக்கு அது தோடம்பழம். சிங்களத்தில தொடம். தளர்தோல் பழம் அங்க நாரங். இலங்கைக்குப் போற லேபிளில "ஆரஞ்சு" எண்டு போட்டால் விளங்கும்தான், ஆனால் பக்கத்தில சிங்களத்தில தொடம் எண்டும் தமிழில ஆரஞ்சு எண்டும் இருந்தால் அது இந்தியாவில பெயர்த்தது எண்டு பார்த்த உடனே தெரியும். மும்மொழி லேபிள் செய்யிற ஆக்கள் தயவுசெய்து தோடம்பழம் எண்டே போடுங்கோ.

இன்னொண்டு. பிபிலைத் தோடை பழுத்த பிறகும் தோல் பச்சையாத்தான் கிடக்கும். வியட்நாமின்ர கம் பழமும் அப்படித்தான். இரவில குளிர் இல்லாத இடத்தில தோலின்ர பச்சையம் உடையாது, உள்ளுக்க இனிப்பு வந்திருக்கும். குளிர்நாட்டுச் சந்தைக்கு எத்திலீன் வாயு வைச்சு நிறம் மாத்துவினம். "ஆரஞ்சு நிறமாக மாறியதும் பறிக்கவும்" எண்டு ஆங்கில வேளாண் கையேட்டை அப்படியே பெயர்த்து எங்கட விவசாயியிட்டக் குடுத்தால் அவர் நிறத்துக்காகக் காத்திருக்கேக்கையே பழம் உள்ளுக்க வறண்டு சக்கையாப் போயிடும்.

நிறமாலை

நிறம் என்றதும் நான் சொல்ல வந்தது. ஒரு வரைதல் செயலியின் ரஷ்யன் பதிப்பில் வண்ணத் தட்டில் சிவப்பு, அபெல்சின், மஞ்சள் என்று இருந்தது. ரஷ்யனில் பழம் அபெல்சின், நிறம் அரான்ஷெவி. இரண்டும் வேறு சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நிரலில் ஒரே வரியை இரண்டு இடத்திலும் பயன்படுத்திவிடுகிறார்கள்.

பிரியும் மொழிகள் நிறைய. செக்கில் பழம் பொமெராஞ்ச், நிறம் ஓரான்ஷோவி. டச்சில் சினாஸ்அப்பெல், ஒராஞ்சு. ஹீப்ரூவில் தபூஸ், கதோம். துருக்கியில் பழம் போர்தகால், நிறமோ கசப்புப் பழத்தின் பெயரில் துருஞ்ஜு. தமிழிலும் செம்மஞ்சள் என்று பிரிக்கலாம். செயலிகளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் சூழல் எழுதத் தனி வரி உண்டு. அதில் "நிறம்", "பழம்" என்று பிரித்துவிட்டால் மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு தனிப் பதிவுகளாக வரும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நாற்பது மொழி பெயர்த்து முடிந்த பிறகு பிரித்தால் நாற்பதிலும் அந்த வரி வெற்றாகிவிடும்.

டச்சு அரச குடும்பத்தின் ஒராஞ்சு பழத்திலிருந்து வந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்சின் ஓராஞ்சு நகரம், ரோமானியர் காலத்தில் அரௌசியோ. ஒலி நெருங்கியதால் பின்னாளில் நிறம் ஒட்டிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆறும் அந்தக் குடும்பத்தின் பெயர்தான். அதைச் "செம்மஞ்சள் ஆறு" என்று பெயர்த்தால் தண்ணீரின் நிறத்தைச் சொல்வதாகிவிடும்.

மருந்துச்சீட்டு

முதல் பதிவின் நாரெஞ் விஷயம் சமையலோடு நிற்கவில்லை. பெலோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரையின் துண்டுச்சீட்டில் கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் போன்ற சிட்ரஸ் பழம்) வேண்டாம் என்று இருக்கும். சில இடங்களில் செவில் ஆரஞ்சும் சேர்ந்திருக்கும். தமிழில் "ஆரஞ்சு சாப்பிடக் கூடாது" என்று பெயர்த்த சீட்டு ஒன்றைப் பார்த்தேன். செவில் ஆரஞ்சு கசப்பு வகை. அதிலும் கிரேப்ஃப்ரூட்டிலும் உள்ள ஃபியூரனோகூமரின்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. மருந்து வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்தில் ஏறும். சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்கு அந்தக் குணம் கிடையாது. "கசப்பு ஆரஞ்சு" என்று ஒரே ஒரு அடை சேர்த்திருந்தால் போதும், நோயாளி தேவையில்லாமல் பழத்தை விடவும் வேண்டாம், செவில் ஆரஞ்சில் செய்யும் ஜாமான மார்மலேடைத் தவறாகப் பாதுகாப்பானது என்று நினைக்கவும் வேண்டாம். கிரேப்ஃப்ரூட்டைத் திராட்சை என்று பெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அது இதைவிட மோசம்.

சொல்வேட்டை

மருந்துச்சீட்டு சொன்னதற்கு ஒரு சேர்க்கை. போர்ட்டோ ரிக்கோவில் நரான்ஹா என்றால் கசப்பு வகை, இனிப்பு ஆரஞ்சு சீனா. "ஹூகோ தே சீனா" என்பது ஆரஞ்சுச் சாறு. ஒரே ஸ்பானிஷ்தானே என்று மாட்ரிட் சீட்டை அங்கே அப்படியே அச்சடித்தால் எச்சரிக்கை வேறு பழத்துக்குப் போய்விடும்.

டர்பன்வழி

எல்லோரும் விட்ட ஒன்று. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸில் லெமூன் என்றால் ஆரஞ்சு! எலுமிச்சைக்கு சூர்லெமூன், புளிப்பு லெமூன். ஆங்கிலம் தெரிந்தவர்கள் லெமூன்சாப் என்பதை எலுமிச்சைச் சாறு என்றே பெயர்த்துவிடுகிறார்கள். தளர்தோல் மாண்டரீனுக்கு அங்கே நார்ச்சி. ஆக்ஸ்போர்டு அகராதி அந்தச் சொல்லின் மூலமாகத் தருவது நம் நாரத்தையை. அங்கே ஆங்கிலம் பேசுபவர்களும் கடையில் நார்ச்சி என்றே கேட்கிறார்கள். பெட்டிச்சரக்கு அண்ணே, நாக்பூர் பழம் அந்தப் பக்கம் போனால் லேபிளில் லெமூன் வேண்டாம், நார்ச்சி என்று போடுங்கள்.

பெட்டிச்சரக்கு

குறித்துக்கொண்டேன். குறியீடு அப்போதும் 0805.21தான்.