‘சர்க்கரைக்கொழுமிய நங்கூரப் புரதம்’: ஏன் இந்த நீளமான சொல்?

செல் சவ்வின் வெளிப்பக்கத்தில், சர்க்கரையும் கொழுமியமும் (lipid) சேர்ந்த ஜிபிஐ (கிளைக்கோசில்பாஸ்பாட்டிடைல்இனோசிட்டால்) நங்கூரத்தால் பற்றிநிற்கும் புரதத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘கொழுப்புப் புரதம்’ வேண்டாம். இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் லிப்போபுரதத்துக்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. ‘வால் நங்கூரப் புரதம்’ அதைவிடச் சிக்கல். தன் கடைசி நீர்வெறுப்புத் தொடரையே சவ்வில் செருகி நிற்கும் வேறொரு வகைக்கு அந்தப் பெயர் தேவைப்படும். நம் புரதத்தில் அந்தத் தொடர் நிலைப்பதே இல்லை. எண்டோபிளாச வலையில் டிரான்ஸ்அமிடேஸ் நொதி அதை ஒமேகா எனப்படும் வெட்டுமிடத்தில் வெட்டிவிட்டு, தயாராக இருக்கும் ஜிபிஐ நங்கூரத்தைப் பொருத்துகிறது. புரதம் இருக்குமிடத்தைக் காட்டும் அடையாளமாகப் பச்சை ஒளிர்புரதத்தை வால் முனையில் கோத்தால் ஒளிர்வு காணாமல் போவது இதனால்தான். அது வெட்டுண்ட துண்டோடு போய்விடும். முன்முனைச் சமிக்ஞைத் தொடருக்குப் பின்னாலோ ஒமேகா இடத்துக்குச் சற்று முன்னாலோ கோக்க வேண்டும்.

கொழுப்பா, கொழுமியமா? கொழுமியமே சரி. கொழுப்பு என்றதும் மாணவர் கிளிசராலை நினைப்பார். பேரிக்காய்ச் செல் வளர்ப்பிலிருந்து பிரித்த அரபினோகேலக்டன் புரதத்தின் நங்கூரத்தில் இருப்பதோ செராமைடு என்ற வேறு வகைக் கொழுமியம்; கிளிசராலே கிடையாது.

‘கொழுமிய நங்கூரப் புரதம்’ என்று நிறுத்திக்கொள்ளலாமே என்ற கருத்து நியாயமானது. ஆனால் செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ராப் (ROP) வகைப் புரதங்களும் கொழுமியத்தால்தான் செல் சவ்வைப் பற்றியுள்ளன, அதுவும் சைட்டோபிளாசப் பக்கத்தில். கோப்ரா, லோரெலை போன்ற தாவர ஜிபிஐ புரதங்கள் நிற்பது வெளிப்பக்கத்தில், செல்சுவரை நோக்கி. இரண்டையும் பிரிப்பது நடுவிலுள்ள சர்க்கரைச் சங்கிலி: எத்தனாலமைன் பாஸ்பேட், மூன்று மானோஸ், ஒரு குளுக்கோசமைன், இனோசிட்டால். ஆகவே பொதுவகைக்குக் ‘கொழுமிய நங்கூரப் புரதம்’, இதற்குச் ‘சர்க்கரைக்கொழுமிய நங்கூரப் புரதம்’, சுருக்கமாக ஜிபிஐ புரதம்.

நொதி நங்கூரத்தை வெட்டியபின் கிடைக்கும் புரதத்துக்கான சொல்லையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். சவ்வுப் புரதங்களைக் கரைக்கும் சோப்புப்பொருளான டிரைட்டான் எக்ஸ்-114 கரைசலைப் பனிக்கட்டியில் குளிர்வித்துப் பின் 37 டிகிரியில் வைத்தால் இரு அடுக்காகப் பிரியும். ஜிபிஐ புரதம் டிரைட்டான் அடுக்கில் தங்கும். பாஸ்பாட்டிடைல்இனோசிட்டால் சார்ந்த பாஸ்போலைப்பேஸ் சி நொதி வெட்டியபின் நீரடுக்குக்கு வரும். இனோசிட்டாலில் கூடுதல் கொழுப்பமிலம் ஒட்டியிருந்தால் நொதியால் வெட்ட முடியாது. புரதம் டிரைட்டான் அடுக்கிலேயே இருக்கும், ஜிபிஐ நங்கூரமே இல்லையென்று தவறாக முடிவு செய்ய நேரும். நீரடுக்குக்கு வந்த புரதத்தை ‘நங்கூரம் நீங்கியது’ என்று எழுதுவதும் பிழை. சர்க்கரைச் சங்கிலி இன்னும் புரதத்தோடுதான் இருக்கிறது. ‘கொழுமியம் நீங்கிய வடிவம்’ என்று எழுதுவோம்.