வெப்பம் ஊர்கிறது, பின்னல் மட்டும் எப்படி முந்துகிறது?

கேள்வி – குன்னூர்
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு 16 ஸ்பின் ஐசிங் சங்கிலி (குட்டிக் குவாண்டம் காந்தங்களின் வரிசை, ஒவ்வொன்றும் பக்கத்ததை மட்டும் பாதிக்கும்), சாய்ந்த காந்தப்புலம். தொடக்கத்தில் எந்த ஸ்பின்னுக்கும் எதோடும் குவாண்டம் பின்னல் (entanglement, தனித்தனியாக விவரிக்க முடியாத பிணைப்பு) கிடையாது. சங்கிலியை நடுவில் இரண்டாக வெட்டி, இரு பாதிக்கும் இடையே எவ்வளவு பின்னல் என்று சொல்லும் எண்ட்ரோபியைப் பார்த்தால் நேர்கோடாக ஏறி 7 பிட்டை ஒட்டிப் படுத்துவிடுகிறது. ஆனால் ஓரிடத்தில் கொஞ்சம் ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் அது நேரத்தின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் நகர்கிறது. 2005 கலாப்ரீசே–கார்டி விளக்கத்தில் குவாசித்துகள்கள் (துகள் போல நகரும் கிளர்வுகள்) ஜோடியாகப் பறந்து பின்னலைப் பரப்பும், இங்கே எதுவும் பறக்கவில்லையே, அப்புறம் யார்தான் சுமக்கிறார்கள்?

பதில் – ஊட்டி
யாரும் சுமக்கவில்லை தம்பி. மொத்த ஆற்றல் மாறாது, இங்கே கூட வேண்டுமென்றால் பக்கத்தில் குறைய வேண்டும், அதனால் முன்னும் பின்னுமாகத் தடுமாறித்தான் போகும். பின்னலுக்கு அந்தக் கட்டுப்பாடே இல்லை. பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டது என்ற செய்தி மாதிரி, சொன்னவரிடமும் இருக்கும், கேட்டவரிடமும் இருக்கும்.

வெட்டு விழுந்த இடத்தை மட்டும் பாருங்கள். அங்கே 8-ஆம், 9-ஆம் ஸ்பின்களை இணைக்கும் பிணைப்பு இரண்டையும் பின்னுகிறது. 8 போய் 7-ஓடு கலக்கிறது, 9 போய் 10-ஓடு. உடனே வெட்டருகே மறுபடி பின்ன இடம் கிடைக்கிறது. ஒரு பிணைப்பு குறிப்பிட்ட நேரத்தில் உண்டாக்கும் பின்னலுக்கு உச்சவரம்பு உண்டு, அதனால்தான் நேர்கோட்டைத் தாண்டாது. ஒரு பாதியில் உள்ள 8 ஸ்பின்னுக்கு உச்சம் 8 பிட், இயற்பியலாளர் பேஜ் போட்ட சராசரிக் கணக்குப்படி தற்செயலான நிலைக்குச் சுமார் 7.28. கிம், ஹியூஸ் 2013-ல் இதே வகைச் சங்கிலியில் காட்டியதும் ஆற்றல் ஊர, பின்னல் நேர்கோடாக ஏறுவதைத்தான்.

பதில் – கொடைக்கானல்
இதைச் சோதிக்க நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் தாறுமாறான, பலமான புலம் கொடுங்கள். ஆற்றல் நின்ற இடத்திலேயே நிற்கும், பின்னலோ நேரத்தின் மடக்கையாக மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும் (பர்டார்சன், போல்மன், மூர், 2012). இடைவினையை அணைத்தால் அந்த ஏற்றமும் நின்றுவிடும்.

கேட்டவர்
ரொம்ப நன்றி அண்ணா. ரெனி எண்ட்ரோபியும் இப்படித்தான் ஏறுமா?

பதில் – ஊட்டி
இல்லை, அது பின்னலை வேறு விதமாக அளக்கும் இன்னொரு அளவு, கலந்துவிடாதீர்கள். ஆற்றல் ஊர்ந்து பரவும் அமைப்பில் இரண்டாம் ரெனி நீண்ட நேரத்தில் வர்க்கமூலமாகத்தான் ஏறும், வழக்கமான வான் நியூமன் எண்ட்ரோபி மட்டும் நேர்கோடு. 2015-ல் குளிர் அணுக்களை வைத்து ஆய்வகத்தில் அளந்தது இரண்டாம் ரெனியைத்தான். 16 ஸ்பின்னில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியாது, ஆனாலும் வரைபடத்தில் எது எந்த எண்ட்ரோபி என்று எழுதிவிடுங்கள்.