மதுரை தெற்கு மாசி வீதிப் பின்சந்து: வீட்டுக்கா, கிட்டங்கிக்கா?

மூன்றாம்கட்டு | ஞாயிறு, காலை 10.12

போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றே காலுக்கு அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. 108க்குச் சொன்னோம். வண்டி தெற்கு மாசி வீதி வரைக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. சந்துக்குள் வர முடியவில்லை. சந்து வாயிலில் ஒரு சரக்கு வண்டி பின்கதவைத் திறந்துபோட்டு நின்றது. அதற்கு இந்தப் பக்கம் தோளுயரத்துக்குத் துணிப் பேல்கள். ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துப் பார்த்தார்கள், நுழையவில்லை. கடைசியில் பேல் இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளிகளே சும்மாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பேல்களுக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி வீதிக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை.

நான் பிறந்தபோது இந்தச் சந்தில் பத்தொன்பது குடும்பங்கள். இன்று இரவில் விளக்கெரிகிற வீடு ஐந்து. மற்றதெல்லாம் கிட்டங்கி, சரக்கு அடுக்கிவைக்கிற குடோன். வீட்டு வரி கட்டுகிறோம், அப்படியானால் இது வீடுகளுக்கான சந்துதானே? வண்டி நுழையாதபடி சந்து வாயிலில் இரண்டு இரும்புக் கம்பம் நடச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் யாராவது கையெழுத்துப் போடுகிறீர்களா?

கஜக்கோல் | ஞாயிறு, காலை 10.58

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லையே அம்மா. முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் அடுத்த சந்தில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்கிறவன், முப்பத்தொரு வருடமாக. அன்றைக்கு நின்ற வண்டி என்னுடையது இல்லை. வேறொரு நாள் என் வண்டியும் அப்படி நின்றிருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உங்கள் கம்பத்தை எதிர்க்கிறேன்.

பகலில் பெரிய வண்டி மாசி வீதிக்குள் வரக் கூடாது என்று போலீஸ் நிறுத்துகிறது. சரி, இரவில் இறக்கலாம் என்றால் தூக்கம் கெடுகிறது என்று நீங்கள் சண்டைக்கு வருகிறீர்கள். பகலும் கூடாது, இரவும் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்றால் நரசிம்மரைக் கூப்பிட்டு அந்தி நேரத்தில் வாசற்படியில் வைத்துத்தான் பேலை இறக்க வேண்டும்.

இன்னொன்று. பதினான்கு வீடுகளை நாங்கள் பிடுங்கிக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்களே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியைக் கையில் கொடுத்தார்கள். வாடகை மட்டும் உள்ளே வரலாம், வண்டி வரக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாம்கட்டு | ஞாயிறு, காலை 11.20

அப்பா தேறிவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார். வரும்போதும் நாற்காலியில்தான்.

சாவி கொடுத்தவர்கள் சந்து வழியையும் சேர்த்தா கொடுத்தார்கள்? அவர்கள் வீட்டை அவர்கள் கொடுக்கலாம். நான் நடக்கிற வழியைக் கொடுக்க அவர்களுக்கு உரிமை ஏது?

வெளிவீதி | ஞாயிறு, மதியம் 12.41

சாவி கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வசவு வாங்கத் தயாராகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு வடக்குப் பக்கம், வேறொரு சந்து. அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பொதுவான வீடு. குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் கிடைப்பதைப்போல இரண்டரை மடங்கு தருவதாகக் கிட்டங்கிக்குக் கேட்டார்கள். வெள்ளையடிக்க வேண்டாம், குழாய் ஒழுகினால் போன் வராது. யார் வேண்டாம் என்பார்கள்? பெண் பார்க்க வந்த சம்பந்திகள் காரை நிறுத்த இடமில்லாமல் முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்த அன்றைக்கே என் மனைவி திருநகருக்கு மனத்தளவில் குடிபோய்விட்டாள். வீடுகளை வியாபாரிகள் விரட்டினார்கள் என்பது பாதி உண்மைதான். மீதியை நாங்கள் செய்தோம்.

ஆனால் கஜக்கோல் ஐயாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் பிடித்திருக்கும் கிட்டங்கியில் கரண்ட் இணைப்பு யார் பெயரில், எந்தக் கட்டணத்தில் இருக்கிறது? எங்கள் வீட்டில் பல வருடம் வீட்டு இணைப்பாகவே ஓடியது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வேறு. கரண்டுக்கு வீடு, வரிக்கு வீடு, வண்டி வரும்போது மட்டும் கடைவீதியா?

கஜக்கோல் | ஞாயிறு, மதியம் 1.05

என்னுடையது வணிக இணைப்பு. ரசீது வேண்டுமானாலும் போடுகிறேன். மற்றவர்களுக்கு நான் ஜாமீன் இல்லை.

செக்குபந்தி | ஞாயிறு, மாலை 4.30

பத்திரம் எழுதும் ஆபீஸில் நாற்பது வருடம் உட்கார்ந்தவன். மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அவிழ்க்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலாவது வரி. வீட்டு வரி ரசீது இருப்பதால் அந்த இடம் குடியிருப்புப் பகுதி ஆகிவிடாது. ஓர் இடம் குடியிருப்பா, வணிகமா என்பதை 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி போட்ட முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைபடம் சொல்லும், ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம். வணிக நிறத்துக்குள் பழைய வீடு வீடாகவே இருக்கலாம், தடையில்லை. குடியிருப்பு நிறத்துக்குள் மளிகைக்கடை, தையற்கடை போலச் சின்னதாக வைக்க இடம் உண்டு. மொத்த வியாபாரக் கிட்டங்கி வைப்பது அந்த வகையில் வராது. உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிறம் என்று திட்டக் குழும அலுவலகத்தில் கேளுங்கள். மாசி வீதியை ஒட்டிய இடம் என்பதால் வணிகம் என்று பதில் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அப்படி வந்தால் சத்தத்திலும் நீங்கள் தோற்பீர்கள். 2000ஆம் வருட ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. வணிகப் பகுதிக்கு 65, 55. உங்கள் அப்பாவின் தூக்கத்துக்குச் சட்டம் தரும் அளவு வரைபடத்தின் நிறத்தைப் பார்த்து மாறும். வேடிக்கைதான், ஆனால் அப்படித்தான்.

இரண்டாவது வழி. இது நிறத்தைப் பொறுத்தது இல்லை, பத்திரத்தைப் பொறுத்தது. கிரயப் பத்திரத்தை எடுத்து நான்கு எல்லையைப் படியுங்கள். "மேற்கே பொதுச் சந்து" என்று இருந்தால் அது மாநகராட்சியின் வீதி. அதை ஒட்டிய ஒவ்வொருவருக்கும், கிட்டங்கிக்காரர் உட்பட, அதில் இறங்கி ஏற உரிமை உண்டு. அடைத்து வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. பேலானாலும் சரி, கம்பமானாலும் சரி. "நமக்கும் இன்னாருக்கும் பாத்தியப்பட்ட நடைச்சந்து" என்று இருந்தால் கதை வேறு. பாத்தியம் என்றால் உரிமை. நடைப் பாத்தியம் வேறு, வண்டிப் பாத்தியம் வேறு. 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தில் இருபது வருடம் பகிரங்கமாக, தடையில்லாமல் அனுபவித்தால் பாத்தியம் கிடைக்கும் என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. வியாபாரிகள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். 29ஆம் பிரிவை யாரும் படிப்பதில்லை. தன் கட்டடத்தை மாற்றியோ சேர்த்தோ கட்டிவிட்டு, அதைக் காரணம் காட்டிப் பாத்தியத்தின் பாரத்தைப் பெருக்கக் கூடாது என்பது அதன் சாரம். வீடாக இருந்தபோது தலைச்சுமையாக அரிசி மூட்டை வந்த வழி, கிட்டங்கி ஆனதும் வண்டிக்கு வழியாகிவிடாது.

மூன்றாவது உயரம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. கோபுரம் மறையக் கூடாது என்பதற்கான கட்டுப்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மேலே போக முடியாத சரக்கு எங்கே போகும்? பக்கவாட்டில் போகும். உங்கள் சந்துக்குள் வந்த பதினான்கு கிட்டங்கிகளில் அந்த ஒன்பது மீட்டருக்கும் பங்கு உண்டு.

கிளைக்கதை ஒன்று, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். வெள்ளைக்காரர் காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அளந்தவர் பெயரில் மாரட் வீதி, மேற்பார்த்தவர் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி, கலெக்டருக்கு விளக்குத்தூண். சந்துகளைத் தினமும் கூட்டியவன் பெயரில் ஒரு முட்டுச்சந்துகூட இல்லை.

தட்டுவண்டி | ஞாயிறு, இரவு 9.47

நான் சரக்கு வண்டி ஓட்டுகிறேன். இவ்வளவு நேரம் எல்லாரும் பேசிய அந்த வண்டி என்னைப் போன்ற ஒருவனுடையதுதான்.

அக்கா, நாங்கள் ஆசைப்பட்டுச் சந்துக்குள் நுழைவதில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடி இரண்டையும் மடக்கிக்கொண்டு, ஒரு ஆள் பின்னால் நின்று தட்டிக்கொண்டே வரவேண்டும். வீதியில் நிறுத்தினால் போலீஸ் அபராதம் என் தலையில். ஒரு பேல் எண்பது, நூறு கிலோ. வீதியிலிருந்து தோளில் சுமந்து கிட்டங்கி வரை போகச் சொன்னால் கூலி ஏறும். அதைக் கொடுக்க முதலாளிகள் தயாரில்லை. அதுதான் விஷயம். உரிமை, பாத்தியம் எல்லாம் அதற்குப் பிறகு.

கஜக்கோல் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, கூலியை முதலாளி கொடுப்பதில்லை, சேலை வாங்குகிறவர்தான் கொடுக்கிறார். ஈரோட்டுக்காரர் நம்மைவிட இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் மேலூர் கடைக்காரர் அங்கே போய்விடுவார்.

வெளிவீதி | ஞாயிறு, இரவு 10.32

காய்கறிச் சந்தையை மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோனபோதும் இதே பேச்சுத்தான். வியாபாரம் செத்துவிடும் என்றார்கள். சாகவில்லை. பழைய இடத்தில் கார் நிறுத்துமிடம் வந்தது. ஜவுளிக்கு மட்டும் என்ன? கடை இங்கே இருக்கட்டும், கிட்டங்கி ரிங் ரோட்டுக்குப் போகட்டும்.

கஜக்கோல் | ஞாயிறு, இரவு 10.50

தக்காளி வாங்க வருகிறவர் நேராக மாட்டுத்தாவணிக்குப் போய்விடுவார். கல்யாணத்துக்கு நாற்பது சேலை எடுக்க வருகிறவர் "இதே பார்டரில் பச்சை இருக்கிறதா?" என்பார். பையன் ஓடிப்போய் ஐந்து நிமிடத்தில் கிட்டங்கியிலிருந்து கொண்டுவர வேண்டும். ரிங் ரோட்டிலிருந்து வருவதற்குள் அவர் காபி குடித்துவிட்டு அடுத்த கடையில் இருப்பார். கிட்டங்கி பக்கத்தில் இல்லாத ஜவுளிக்கடை பாதிக் கடைதான். இதை ரிங் ரோடு யோசனை சொல்கிற யாரும் கேட்பதில்லை.

மூன்றாம்கட்டு | ஞாயிறு, இரவு 11.08

பச்சை பார்டர் ஐந்து நிமிடத்தில் வந்துவிட வேண்டும், ஆம்புலன்ஸ் எப்போது வந்தாலும் பரவாயில்லை. நல்லது.

2020 நவம்பர் 14, தீபாவளி. நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடை பற்றி எரிந்தது யாருக்காவது நினைவிருக்கிறதா? பழைய கட்டடம். தீயணைக்கப் போன இரண்டு வீரர்கள் சுவர் இடிந்து விழுந்து செத்துப்போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அன்றிலிருந்து என் அம்மா கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைத்தால் அது அணைகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் துணி, நடுவில் நாங்கள். தீயணைப்பு வண்டி எட்டடி அகலம், எங்கள் சந்து ஒன்பதடி. அதிலும் பேல்.

கஜக்கோல் | ஞாயிறு, இரவு 11.31

நினைவிருக்கிறது. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் இரும்புக் கம்பம் அந்தத் தீயணைப்பு வண்டியையும் நிறுத்துமே அம்மா?

செக்குபந்தி | திங்கள், காலை 6.20

சரியான கேள்வி. பூட்டுப் போட்ட கம்பம் என்றால் சாவி யாரிடம் என்று அடுத்த வழக்கு வரும்.

தட்டுவண்டி | திங்கள், காலை 7.02

கம்பம் வேண்டாம். வண்டி நிற்கிற இடத்தை மட்டும் மாற்றுங்கள். மாசி வீதியில் சந்து வாயிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வண்டி நிற்க மஞ்சள் கட்டம் போட்டு, இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எங்களுக்கு அனுமதி வாங்கிக் கொடுங்கள். அங்கிருந்து மூன்று சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு போகிறோம். அது மூன்றடி அகலம்தான். சாய்த்துவைத்தால் ஸ்ட்ரெச்சர் போகும். பேலைத் தரையில் அடுக்காமல் நேராக உள்ளே கொண்டுபோக வேண்டும், அதற்கு கிட்டங்கிக் கதவு திறந்திருக்க வேண்டும். இப்போது பாதி நாள் சாவி வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை சினிமாவுக்குப் போய்விடுகிறார். பேல் சந்தில் கிடப்பதற்குக் காரணம் அவர்தான், முழுமைத் திட்டம் இல்லை.

கஜக்கோல் | திங்கள், காலை 8.15

இந்த யோசனையைக் கேட்டு ஒருவரும் என்னைத் திட்டவில்லை என்பதே அதிசயம். மஞ்சள் கட்டத்துக்கு வியாபாரிகள் பக்கம் கையெழுத்து வாங்கித் தருகிறேன். தள்ளுவண்டிக் கூலியில் பாதி கிட்டங்கி வைத்திருப்பவர்கள். மறுபாதிக்கு வாடகை வாங்குகிறவர்கள். என்ன சொல்கிறீர்கள் வெளிவீதி?

வெளிவீதி | திங்கள், காலை 8.40

தம்பிகளிடம் கேட்டுச் சொல்கிறேன்.

மூன்றாம்கட்டு | திங்கள், காலை 8.52

மஞ்சள் கட்டம் சரி. ஆனால் பதினொன்று மணிக்கு என்ன கணக்கு? நெஞ்சுவலி பத்தரைக்கும் வரும். எப்போதும் மூன்றடி வழி திறந்திருக்க வேண்டும், அது எழுத்தில் வேண்டும். தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது அதை நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லி மனுவைத் திருத்துகிறேன். கம்பத்தை இப்போதைக்கு எடுத்துவிடுகிறேன். மறுபடி ஒருநாள் பேலைப் பார்த்தால் திரும்பச் சேர்ப்பேன்.

செக்குபந்தி | திங்கள், காலை 9.10

மனுவில் அகலத்தை எழுதும்போது வாய்க்கணக்காக ஒன்பதடி என்று எழுதாதீர்கள். டேப் வைத்து மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். டவுன் சர்வே வரைபட நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கட்டு | செவ்வாய், காலை 6.45

அளந்தேன். அம்மா டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்து வாயிலில் ஒன்பதடி இரண்டு அங்குலம். கிட்டங்கி வரிசையில் எட்டடி பத்து. எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே ஏழடி ஒரு அங்குலம். இரண்டு முறை அளந்தேன். தம்பி ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகக் கட்டிய சிமெண்ட் சரிவு, அப்புறம் அதற்குப் பக்கத்தில் பாட்டி காலத்துக் கல்படி. சந்திலேயே குறுகலான இடம் அதுதான்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

கஜக்கோல் | செவ்வாய், காலை 7.30

என் கடையின் பின்வாசல் படியையும் நேற்று இரவே அளந்தேன். எத்தனை என்று இங்கே சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை கொத்தனார் வருகிறார். உங்கள் சரிவையும் அவரிடமே சொல்லிவிடட்டுமா?

மூன்றாம்கட்டு | செவ்வாய், காலை 7.41

சரிவை உடைக்கச் சொல்லுங்கள், கூலி நான் தருகிறேன். கல்படியில் அப்பா சாயங்காலம் உட்காருவார், அதைப் பற்றி அவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன். மனு இன்று போகிறது.